ஐந்துக்கு ஐந்து

பெயரைக் கேட்டாள் ஏஜென்ட்.
குலவீரசிங்கம் என்று எழுத்துக் கூட்டினேன்.
பாதியிலேயே
"அந்த வீடு போய்விட்டது" என்றாள்.

பத்து நிமிடம் கழித்து
வேலையிடத்து டேரன் கூப்பிட்டுப் பார்த்தான்.
சனிக்கிழமை பதினொன்றுக்கு வரலாமாம்,
கராஜும் உண்டாம்.

டேரன் ஏசினான். நான் ஏசவில்லை.
அவனுடைய நாடு, அவன் ஏசலாம்.

செவ்வாய், டண்டினோங்கில் மழை,
எனக்குக் குடியுரிமைத் தேர்வு.
இருபது கேள்வியில்
நாட்டின் விழுமியங்கள் பற்றி ஐந்து;
அதில் ஒன்றுகூடப் பிழைக்கக் கூடாது.
எல்லோருக்கும் சம வாய்ப்பு என்கிற இடத்தில்
விரல் கொஞ்சம் நின்றது.
பதில் தெரியும்.

ஐந்துக்கு ஐந்து.
அந்த ஏஜென்ட்டுக்கு இந்தத் தேர்வு கிடையாது,
பிறந்தபோதே பாஸ்.

சனிக்கிழமை பதினொன்றுக்கு
டேரனின் பெயரில் நான் போய் நின்றேன்.
கராஜ் சின்னதுதான்.