வெறும் வண்டி எடை

கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு
இந்தப் பக்கம் நானூறடியில் என் எடைமேடை.
இளநீர் லாரி ஏறி நிற்கும்.
சிவப்பு எண்கள் தடுமாறி அடங்கும்.
மொத்தத்தில் வெறும் வண்டியைக் கழித்தால் சரக்கு.
இருபத்திரண்டு வருடமாய் இந்தக் கழித்தல்தான் சோறு.

செவ்வாய், வியாழன், சனி
பொள்ளாச்சியில் என்னை நிறுக்கிறார்கள்.
என் வெறும் வண்டி எடை ஐம்பத்தெட்டு.
மிச்சமெல்லாம் தண்ணீர்.
அதை இறக்க நான்கு மணி நேரம்.
மூன்றாவது மணியில் ரத்த அழுத்தம் சரியும்,
ஆடுதசை முறுக்கும்,
காலைத் தூக்கி வைத்து அரை பாட்டில் சலைன் விடுவாள் ஷிஜி.
இறக்கியதில் கொஞ்சம் மறுபடி ஏற்றுவது
எங்கள் தொழிலிலும் உண்டு.

சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவே
ஒரு நாள் கூடுதல்.
எச்சரிக்கைப் பலகை இல்லாத வளைவு அது.
பக்கத்துக் கட்டில் வேலுமயில்
திங்கள் இரவு அரை டம்ளர் டீ கேட்டிருக்கிறார்.
செவ்வாய் காலை அங்கே புது விரிப்பு.
"கிட்னியா?" என்றேன்.
"அல்ல சேட்டா, ஹார்ட்டாணு."

எனக்கும் எக்கோ எடுத்தார்கள்.
இடது அறைச் சுவர் தடித்திருக்கிறதாம்.
மூட்டை தூக்கித் தூக்கித் திரண்ட தோள்போல
பலம்தானே என்றேன்.
டாக்டர் சிரிக்கவில்லை.
ஓவர்லோடு வண்டியில் அக்சில் முறிவதை
எத்தனை முறை பார்த்திருக்கிறேன்.

எமரன்சி டீச்சர் எல்லைக்கு அந்தப் பக்கம்,
கொழிஞ்சாம்பாறை.
அவருக்கு ஊசியில்லை, மிஷினில்லை.
ஜன்னல் கம்பியில் பை தொங்கும்,
வயிற்றுக்குள் மெல்ல இறங்கும், மெல்ல வடியும்,
தினம் நான்கு முறை, ஞாயிறு பூசைக்குப் போகிற நாளிலும்.
எனக்குப் பொறாமை.
சொன்னேன்.
"சர்க்கரைத் தண்ணிங்க அது.
கொழுப்பேறி, போன மாசம் நெஞ்சடைச்சு
பாலக்காட்டுல ஸ்டென்ட் வெச்சாங்க.
நீங்க மொத்தமாக் கட்டுவீங்க, நான் தவணையில.
அவ்வளவுதான்."

எது நெஞ்சுக்கு நல்லது என்று
இருவரும் தனித்தனியே கேட்டோம், இரண்டு மாநிலத்தில்.
ஒரே பதில்: ஆளைப் பொறுத்தது.
ஆராய்ச்சிகள் இந்தப் பக்கமும் சாய்கின்றன, அந்தப் பக்கமும்.
என் மேடை அப்படிச் சாய்ந்தால்
சர்வீஸ்காரனைக் கூப்பிட்டிருப்பேன்.

இன்று திங்கள்.
மணி பதினொன்று பத்து.
நாக்கு சாக்குத் துணி.
மேடையில் ஐயாயிரம் இளநீர் நிற்கிறது,
அத்தனையும் தண்ணீர்,
அத்தனையிலும் நெஞ்சை நிறுத்தப் போதுமான பொட்டாசியம்.
"அண்ணா, செவ்வெளநி ஒண்ணு சீவட்டா?"
தெரியாமல் கேட்கிறான் புது கிளீனர்.
வேண்டாமென்று ஆட்டிய இடது கையில்
ஊசிக்கென்று இணைத்த ரத்தக்குழாய்
அணைக்காத எஞ்சின் மாதிரி அதிர்ந்துகொண்டிருக்கிறது.

லாரி போனதும்
மேடை நடுவில் போய் நின்றேன்.
உள்ளே மேசைக்கடியில் இருக்கும் சின்னத் தராசு
அறுபத்தொன்று நானூறு என்றது, சாயங்காலமே.
பெரிய மேடை பத்துப் பத்தாய்த்தான் காட்டும்.
கழுத்தைத் திருப்பிக் கண்ணாடிக்குள் பார்த்தேன்:
அறுபது.
ஒன்று நானூறை
விட்டுக்கொடுத்திருக்கிறது இரும்பு.

டீச்சருக்கு அனுப்பினேன்: 60.
கடைசிப் பை மாற்றும் நேரம், விழித்திருந்தார்.
ஒரே சொல் வந்தது.
பொய்.

அடுத்த வண்டி ஹாரன் அடிக்கிறது.
இறங்குகிறேன்.