கிடை

போர்ட் நொல்லோத்துக்கு வடக்கே
வைரக் கம்பெனியின் இரண்டாம் கேட்டில்
காலணியைக் கழற்றிக் காட்ட வேண்டும்.
உள்ளே போகும்போது அல்ல, வெளியே வரும்போது.
ஒரு கூழாங்கல்கூடக் கரையைவிட்டுப் போகக்கூடாது.
கல்லைத் தேடித்தான் வந்திருக்கிறேன் என்று
காவலரிடம் சொல்லிப் பார்த்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

காலையில் மல்மோக்கி.
மூடுபனிக்கு இங்கே அந்தப் பெயர்.
பத்தரை மணி வரை கடல் ஒரு சத்தம் மட்டும்.
மழை பார்க்காத மணல், குளிக்க முடியாத தண்ணீர்.
டர்பனில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
நெய்தலுக்கு ஒரு தாள், பாலைக்கு ஒரு தாள் என்று
தனித்தனியாக எழுதவைத்தார்கள்.
இங்கே இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று
ஒட்டிக் காய்ந்து கிடக்கின்றன.

மேட்டின்மேல் ஒரு கல்வளையம்.
குறுக்கே பதினோரு தப்படி, உயரம் முழங்கால்.
செயற்கைக்கோள் படத்தில் இதைக் கண்டவர்கள்
கோட்டை என்று பெயரிட்டு அனுப்பினார்கள்.
கம்பெனியின் பெஸ்டர் கேட்டார்:
"கோட்டைதானா, டாக்டர்?"
கோட்டை என்றால் வேலி போடுவார்கள், பலகை நடுவார்கள்,
புல்டோசர் நாற்பது மீட்டர் சுற்றிப் போகும்.
வெறும் கற்குவியல் என்றால்
வெள்ளிக்கிழமையே தொடங்கலாம்.

என் பெயர் கோகிலாம்பாள் படையாச்சி.
படையைப் பெயரில் சுமந்துகொண்டு
நான்கு தலைமுறையாகக் கரும்பு வெட்டினோம், கணக்கு எழுதினோம்.
முதல் நாள் என் கொத்துக்கரண்டியும்
படையைத்தான் தேடியது:
அம்புமுனை, எரிந்த கதவு, பிளந்த மண்டை.

கரிமச் சோதனை சொன்ன காலம்
ஐந்தாம் நூற்றாண்டின் பின்பாதி.
அதே ஆண்டுகளில் இக்கண்டத்தின் மறுமுனையில்,
செங்கடல் ஓரம், ரோமச் சிப்பாய் ஒருவன்
பாலைக் கோட்டை மதிலில் நின்று
கிணற்றையும் வரியையும் காத்தபடி
பானைச் சில்லில் வீட்டுக்கு எழுதியிருப்பான்:
செருப்பு அனுப்பு, சம்பளம் இன்னும் வரவில்லை.

இங்கே யாரும் எழுதவில்லை.
மூன்றாம் அடுக்கில் கறுப்பாக,
நகம் பட்டால் இதழிதழாகப் பிரியும் ஒரு படலம்.
மோந்து பார்த்தேன். ஆயிரத்தைந்நூறு வருஷத்தில்
வாசனை போயிருக்க வேண்டும்.
போயிருந்தது.
பூதக்கண்ணாடியில் புல்நரம்பு தெரிந்தது.
ஆட்டுப் புழுக்கை.

அப்புறம் எல்லாம் கலந்தே வந்தன:
சிப்பி ஓடு, தீக்கோழி முட்டை ஓட்டில் துளைத்த ஒரு மணி,
என் சுண்டுவிரலைவிட மெல்லிய தொடை எலும்புகள்,
முனை இன்னும் கூடாதவை.
பிறந்து இரண்டு நாள் இருக்கும்.
வாசல் கடலைப் பார்க்கவில்லை,
பகைவன் வரக்கூடிய வழியையும் பார்க்கவில்லை.
தென்காற்றுக்கு முதுகு காட்டி நிற்கிறது.
சல்லடை பிடிக்கும் லவீனியா ஸ்வார்ட்பூய்
உள்ளே போய்க் குந்தி உட்கார்ந்தாள்.
"இங்கே காற்றே இல்லை" என்றாள்.
சிகரெட் ஒரே குச்சியில் பற்றியது.

இரவு, கூடாரத்தில், படிவம்.
இடத்தின் வகை: ஒரே சொல்லில்.
எயில், அரண், மதில், கோட்டை.
முற்றுகைக்கு ஒரு பூ, காவலுக்கு ஒரு பூ
சூடிக்கொண்ட மொழி என்னுடையது.
பொய் சொன்னால் இந்தக் கல் பிழைக்கும்.
கட்டத்தின்மேல் பேனாவை வைத்தபடி
லாந்தர் இரண்டு முறை மங்கும்வரை இருந்தேன்.

பிறகு, குறிப்பேட்டின் ஓரத்தில், தமிழில்:
கிடை.
ஆடுகள் இரவைக் கழிக்கும் இடம்.
அந்த இரண்டு எழுத்தில்தான்
கிடைத்ததும் தொடங்குகிறது, கிடைக்காததும்.

படிவத்தில் ஆட்டுப்பட்டி என்றே நிரப்பினேன்.
முக்கியத்துவம்: மிக அதிகம்.
காரணம் என்ற கோட்டில் எழுதினேன்:
குட்டிகள் குளிரில் சாகாமலிருக்கக் கட்டியது.
சில செத்தன.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.
கேட்டில் என் காலணியைத் தலைகீழாகத் தட்டினார்கள்.
கறுப்பாகக் கொஞ்சம் தூள் விழுந்தது.
"என்ன இது?"
"எரு" என்றேன்.
போகச் சொன்னார்.