ஐந்திலும் பூஜ்யத்திலும் முடியும் வயதுகள்

பேராசிரியர் எவுலாலியா மன்சீயாவுக்காக
பதினோரு குளிர்காலம் கதவு தட்டியவன் நான்.
கல்புக்கோவில் மழைக்கு விடுமுறை கிடையாது.
சால்மன் ஆலையில் இரவு வேலை முடிந்தவர்களைத்
தூங்கப் போகுமுன் பிடிக்க வேண்டும்,
நாய்கள் என்னைப் பிடிக்குமுன்.

எண்பத்து நான்கு கேள்விகள்.
சென்ற வாரம் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள்?
ஒரு பெட்டி மீனுக்கு முள் எடுக்க என்ன தருகிறார்கள்?
கழிப்பறைக்குப் போக யாரிடம் கேட்க வேண்டும்?
இந்த வேலையை விட்டால் எங்கே போவீர்கள்?

கடைசிக் கேள்விக்குப் பலரும்
ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார்கள்.
அதற்கென்று படிவத்தில் கட்டம் இல்லை.
'பதில் இல்லை' என்று குறித்துக்கொண்டு
அடுத்த வீட்டுக்கு ஓடினேன்.

அவர் கண்டுபிடித்தது இது:
ஊருக்கு ஒரே முதலாளி என்றால்
கூலி பேரமல்ல, வானிலை.
பெட்டிக் கணக்கில் கொடுத்தால்
கை வேகமெடுக்கும், மணிக்கட்டு வீங்கும்,
சில முட்கள் மீனிலேயே தங்கிவிடும்.
இதைக் கிரேக்க எழுத்துகளில் நிறுவினார்.
சாண்டியாகோவில் கைதட்டினார்கள்.
ஆலைக்குப் பணம் போட்டவர்களின் ஊரான
ஓஸ்லோவிலிருந்துகூட அழைப்பு வந்தது.

எனக்கு ஒரு படிவத்துக்கு எண்ணூறு பேசோ.

சொல்லிவிடுகிறேன்.
ஐந்தாவது குளிர்காலம். மகளுக்கு மூச்சிரைப்பு,
விறகெல்லாம் ஈரம்.
அடுப்படி மேசையில் உட்கார்ந்து
இல்லாத பெண்கள் நாற்பத்தியொரு பேரைப் பெற்றுப்போட்டேன்.
வேலை கொடுத்தேன், மணிக்கட்டு வலி கொடுத்தேன்,
ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளைகள்.
கூலியைக் கொஞ்சம் கூட்டியே எழுதினேன்,
மனசு கேட்கவில்லை.

எவுலாலியா ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார்,
சொட்டும் கோட்டோடு, அச்சடித்த தாள்களோடு.
"நோல்பெர்த்தோ, உன் பெண்களுக்கெல்லாம்
முப்பது, முப்பத்தைந்து, நாற்பது.
முப்பத்தேழு வயதில் ஒருத்திகூடவா இந்த ஊரில் இல்லை?"

கெட்டில் கத்தியது. நான் இறக்கவில்லை.
பிறகு, குரல் உயராமல்:
"ஒரு படிவத்துக்கு நான் என்ன தருகிறேன்?"

சொன்னேன்.
பேனாவை மூடினார். திறந்தார். மூடினார்.
தன் கட்டுரையின் பதினேழாம் பக்கத்தை
முதல்முறை படிப்பவர் போல
என் கைகளைப் பார்த்தார்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.
பதவி உயர்வு ஆறு வருடம் தள்ளிப்போனது.
ஆலை வழக்கறிஞர் வானொலியில் சிரித்த சிரிப்பை
ஊரே சமையலறையில் கேட்டது.
என் பெயரை அவர் எங்கும் எழுதவில்லை.
"தரவு சேகரிப்பில் பிழை. பிழை என்னுடையது."
அவ்வளவுதான்.

மறு வருடம் எனக்கு மணிக் கணக்கில் சம்பளம்.
படிவங்கள் பாதியாகக் குறைந்தன.
மாத்தே குடிக்க நேரம் கிடைத்தது,
அவர்களுக்குப் பேசவும்.
ரோசேலியா ஓயார்சோ, வயது முப்பத்தேழு,
கடலைப் பார்த்தாள்.
நான் எழுந்து போகாததால் திரும்பிச் சொன்னாள்:
"போக இடமிருக்கு.
ஆலைக் கடையில் கடனும் இருக்கு."

அவருடைய இரண்டாவது புத்தகம்
அந்தக் கடன் நோட்டிலிருந்து தொடங்குகிறது.

போன மார்ச்சில் வால்டிவியாவில் ஓய்வு விழா.
டீன் முழு எண்களாகவே பேசினார்:
முப்பது ஆண்டுகள், ஐம்பது கட்டுரைகள்.
நான் கோட்டுப் பையில் ஒரு படிவம் கொண்டுபோயிருந்தேன்.
கேக் தட்டை நகர்த்திவிட்டு
எதிரே உட்கார்ந்து கேட்டேன்:
சென்ற வாரம் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள்?

"நாற்பது" என்றார்.

நான் எழுதவில்லை.
சிரித்துவிட்டு விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார்,
திங்கள் ஆறரை,
செவ்வாய்...
அங்கே ஏதோ நினைவு வந்து
ஜன்னல் பக்கம் திரும்பினார்.