மொத்த எடை

லாபிஸ் செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி நான்.
குலையேற்றிய லாரி உள்ளே வரும்போது ஓர் எண்,
வெறும் லாரி வெளியே போகும்போது ஓர் எண்.
கழித்தால் பழம்.
பதினோரு வருஷமாய் இதே கணக்கு.
சாப்பாட்டு மேசையிலும் கை அப்படியே ஓடுகிறது:

செனாயிலிருந்து மீரிக்கு ஐந்து டிக்கெட்.
மீரியிலிருந்து மூலுவுக்கு
விசிறி வைத்த சின்ன விமானம்.
பை, ஆளுக்குப் பத்துக் கிலோ.
படகு, வழிகாட்டி, நாலு ராத்திரி அறை.
போனஸ், சீட்டுப் பணம்,
பாசார் மாலாமில் லோஷினி வடை விற்ற காசு
எல்லாம் போட்டும்
அறுநூறு வெள்ளி இடிக்கிறது.

"குகைன்னா பத்துமலை போதாதா?
அங்க முருகன் இருக்காரா?"
என்கிறாள் நாத்தனார் குணவதி.
"இல்ல அத்தை. வௌவால் இருக்கு. முப்பது லட்சம்."
"நம்ம பழைய ஸ்டோர்ல இல்லாத வௌவாலா?"
சொன்னவள்தான் மறுநாள்
தலைவிளக்கு இரண்டு,
அட்டைக்கு வைக்கப் புகையிலை,
பால்மரம் வெட்டப் போவார்களே
அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்து ஐந்து சோடி
வாங்கிவந்து கொட்டினாள்.

கவினேஷ் குகைவாயை வரைகிறான்.
உள்ளே அளவுக்காக எங்கள் ஆலையை,
ஆலைக்குள் அளவுக்காக என்னை.
சாயங்காலம் வௌவால்கள் கிளம்புவது
நம் புகைபோக்கி மாதிரியே இருக்குமாம்.
"ஆனா அந்தப் புகை
விடியறப்போ வீட்டுக்குத் திரும்பிடும்மா."

"சரவாக்குக்கு ஐசி போதும்" என்று
லோஷினி மேசையில் கார்டுகளைப் பரப்பினாள்.
நீலம். நீலம். நீலம்.
தம்பியுடையது இளஞ்சிவப்பு,
பன்னிரண்டு வயதில் நீலமாகிவிடும்.
அப்பாவின் சிவப்பு
ஐம்பத்தொன்றிலும் சிவப்பு.

குணவதி பிறந்தது சிகாமட் ஆஸ்பத்திரியில்.
இவர் லயத்தில், வெள்ளம் வந்த வாரம்.
பேர் பதியப் போகப் பாலம் இல்லை.
பாலம் பிறகு கட்டினார்கள்.
போராங் நாலு முறை நிரப்பினோம்.
கவுண்டர்ப் பெண் நல்லவள், குரலை உயர்த்தவில்லை.
இவருக்கு வேறு கடிதம் வேண்டுமாம்.
எப்போது கிடைக்கும்?
துங்கு, என்றாள்.
காத்திரு என்பதற்கு மலாயில் அவ்வளவு சின்னச் சொல்.

தனபாலன் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே,
"நீங்க போங்க. நாய்க்குச் சோறு யார் வைக்கிறது?"
பக்கத்து வீட்டு லிம் வைப்பார்.
அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்,
நாய்க்கும்.

சின்ன விமானத்தில் ஆளையும் நிறுப்பார்களாம்,
லோஷினி எங்கோ படித்தாள்.
"உங்க மேடையிலேயே நின்னு பாத்துடலாமேம்மா."
ஞாயிறு ஆலை ஓய்வு. சாவி என்னிடம்.
லாரி நிற்கும் இரும்புத் தகட்டில்
ஐந்து பேர், ஒருவர் கையை ஒருவர் பிடித்து,
கவிழ்ந்துவிடும் என்பது போல.
வெளிப்பலகையில் எண் எரிந்தது: 280.
இருபது இருபதாய்த்தான் எண்ணும் எங்கள் மேடை,
மனுஷருக்காகச் செய்ததில்லை.

படம் எடுக்க இவர் கீழே இறங்கினார்.
200.
"ஏய், நான் எழுபத்து நாலுதான்!"
"மேடை எண்பதுன்னுதான் சொல்லுதுப்பா" என்றான் கவினேஷ்.
சிரிப்பு பாதியில் இருக்க
"ஏறுண்ணே" என்றாள் குணவதி,
குரல் கொஞ்சம் கெட்டு.
ஏறினார்.
படம் யாரும் எடுக்கவில்லை.

ராத்திரி டிக்கெட் பக்கத்தைத் திறந்தேன்.
பயணிகள் எத்தனை பேர்?
ஐந்து.
மார்ச்சை ஆகஸ்டுக்குத் தள்ளினேன்.
அதற்குள் கடிதம் வரலாம்.
அறுநூறு வெள்ளியும் சேரலாம்.
ஆகஸ்டில் அங்கே மழை குறைவு என்று
பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளலாம்.
பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே
விரல் நின்றது.

அடுத்த அறையில்
சிமெண்டுத் தரை கீச் கீச்சென்றது.
சப்பாத்தைப் போட்டு நடந்து பார்க்கிறார்.
பிறகு, வீட்டுக்கே கேட்கிற மாதிரி:
"குணா, இது எட்டு.
எனக்கு ஒன்பது வேணும்.
நாளைக்கு மாத்திட்டு வா."