கூரைக்கு ஐம்பது கிலோ

பீடோர் டவுனில் லிம்
என் பழைய சாகாவின் தலையைத் தட்டிப் பார்க்கிறார்.
"ஐம்பது கிலோ தாங்கும். அதுக்கு மேல வேணாம்."

கயாக் இருபத்திரண்டு.
மீதியை எங்கள் வரிசை பங்குபோட்டாயிற்று:
பவளக்கொடி அக்காவுக்கு மெத்தை,
கோயில் கமிட்டிக்கு நாற்காலி,
மச்சான் தீர்த்தனுக்கு உறுமி.

இரும்பு ரேக் நூற்றைம்பது வெள்ளி.
இரண்டு மழைக்கு
வெள்ளைக் கூரையில் துரு வழியும்.
அலுமினியம் இருநூற்று எண்பது.
குறுக்குக்கம்பிகளுக்கு நடுவே சாண்போட்டு அளக்கிறேன்.

"படகு யாருக்கு?"
எனக்கு.
லிம் பேசாமல்
ஒரு பட்டை கூடுதலாக எடுத்து வைக்கிறார்.

ஞாயிறு. செம்பனைக்குள் செம்மண் பாதை.
குழிக்குக் குழி உச்சியில் ஒரு 'டொக்'.
ஈயக்குட்டைக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர்.
கண்ணாடியின் மேல்விளிம்பில்
படகின் மூக்கு
எனக்கு முன்பே போகிறது.