ஒத்துழைப்பு

செவ்வாய்க்கிழமை என்றால் புதுவயல்.
ஊறல் நெல்லின் புளித்த வாடை
தெருமுனையிலேயே ஹெல்மெட்டுக்குள் ஏறிவிடும்.
ஒரு நாளைக்கு ஆறு வீடு,
வீட்டுக்கு நாற்பது நிமிடம்
என்று தாளில் இருக்கிறது.

நான்காவது வீடு ராக்கு.
ஐம்பத்தெட்டு வயது. பக்கவாதம், இடப்பக்கம்.
முப்பது வருஷம் அரிசி ஆலைக் களத்தில்
காயும் நெல்லைக் காலால் கிளறிக் கிளறி நடந்தவள்.
"அந்த நடைய நேரா நடந்திருந்தா
காசிக்கே போயிருப்பேன்."
இப்போது
கட்டிலிலிருந்து கதவுக்கு எட்டு எட்டு.
கதவைத் தாண்டமாட்டாள்.

களம் வரைக்கும் வாங்க என்பேன்,
வெயிலில் நடந்தால் கால் பழகும் என்பேன்.
"நாளைக்குப் பாப்போம் தம்பி."
அவளுடைய நாளை
எனக்கு அடுத்த செவ்வாய்.
நான்கு மாதம் போனது.

படிவத்தில் ஒரு கட்டம்: ஒத்துழைப்பு.
நன்று, சுமார், இல்லை.
சுமாரில் டிக் அடித்து வந்தேன்.
கோபத்தில் ஒருமுறை, இல்லை.

சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் லில்லிபுஷ்பம்
நான் வண்டியை உதைத்த பிறகு
பின்னாலேயே வந்து சொன்னாள்:
"சார், அது நைட்டியோட வெளிய வராது.
சேலைய வேணா இடுப்புல சொருகி விட்டுரலாம்.
ஜாக்கெட் கொக்கிய
தெனமும் யாரு மாட்டுறது?
வீட்ல இருக்கது மகன் மட்டும்தான?"

பாண்டிமுருகன். மூட்டை தூக்குகிறவன்.
சோறு பிசைந்து கொடுப்பான்,
கக்கூசுக்குத் தூக்கிக்கொண்டு போவான்.
இதை மட்டும்
அவள் சொல்லவில்லை, அவன் கேட்கவில்லை.
தோளில் தொடங்கி விரல்நுனி வரை
ஒவ்வொரு தசைக்கும் பெயர் படித்த நானும்.

அன்று இரவு காரைக்குடி அறையில்
இடக்கையை முதுகுக்குப் பின் மடக்கி
என் சட்டையைப் போட்டுப் பார்த்தேன்.
மூன்றாவது பொத்தானில் வியர்த்தது.
கொக்கி இதைவிடச் சின்னது.

அடுத்த வாரம் கம்பி வளைத்து ஒரு கருவி கொண்டுபோனேன்.
"இத வச்சு என்னயக் குத்திக்கவா?"
மூலையில் வைத்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ரத்த அழுத்தம் பார்த்தேன். நூற்றைம்பது, தொண்ணூறு.
பட்டையைப் பிரித்தேன்.
கர்ர்ர்.

"இன்னொருக்கா செய்யி."

செய்தேன்.

வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.
வலக்கையால் ஒட்டினாள், பிரித்தாள்,
ஒட்டினாள்.
"இத ஜாக்கெட்ல வச்சுத் தச்சா என்ன?"

பட்டையை நானே வெட்டினேன், அரசாங்கப் பட்டை.
சிக்கந்தர் டெய்லர் தலையில் அடித்துக்கொண்டார்:
"மீட்டர் முப்பது ரூவா சார்,
டப்பா நெறைய வச்சிருக்கேன்."
முதல் ஜாக்கெட் மாரில் உராய்ந்து புண்ணானது.
இரண்டாவதற்கு உள்ளே மல் துணி கொடுத்துத் தைத்தார்.

மாதக் கடைசியில் சாமான் கணக்கு.
பட்டை இருப்பு நான்கு, கையில் மூன்று.
எங்கே என்றார் மருந்தாளுநர்.
பயன்பாட்டில் என்று எழுதினேன்.
ஒப்புக்கொள்ளவில்லை,
முந்நூற்றைம்பது கட்டினேன்.

இந்தச் செவ்வாய் வீடு திறந்து கிடக்கிறது, ஆளில்லை.
களத்தோரம், தார்ப்பாய்ச் சுருள்மேல்
அரக்குச் சேலையில் ராக்கு.
கதவிலிருந்து அங்கே
எண்ணிப் பார்த்தேன், அறுபத்திரண்டு எட்டு.
இடக்கை மடியில் அப்படியே கிடக்கிறது,
போன மாதம் போல, அதற்கு முந்தின மாதம் போல.
வலக்கை
புதிதாக வந்த பெண்ணை நோக்கி நீள்கிறது:
"கெளர்ற காலாடி அது?
நெல்லுக்கு முதுகு சொறியிறியா?"

உடற்பயிற்சி, என்றேன்.
என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.
"இன்னைக்கு நேரமில்ல தம்பி,
மழ வர்ற மாதிரி இருக்கு,
அடுத்த வீட்டப் பாரு."

ஒத்துழைப்பு: இல்லை.
பேனாவை அழுத்தி டிக் அடித்தேன்.