விருந்தினர் இரண்டு

எட்டு வட்டுகள் வாங்கினான் ஒட்வார்.
நான் கேட்டது பாத்திரம் கழுவும் இயந்திரம்.

நிலவறையில், உருளைக்கிழங்குச் சாக்குகளுக்குப் பக்கத்தில்
கறுப்புப் பெட்டி இரவும் பகலும் மூச்சு விடுகிறது.
அந்தச் சூட்டில் பூனை குடியேறிவிட்டது.
வாட்சோவில் இது டிசம்பர்;
சூரியன் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது.

ஆறு திரைகள் ஒன்றாய் ஓடினாலும் திக்காது என்கிறான்,
படகின் எஞ்சினைப் புகழும் அதே குரலில்.
ஓடுவதென்னவோ மூன்றுதான்:
மாடியில் ஆஸ்னே, போர்வைக்குள் பேய்ப்படம்;
பெர்கனில் படிக்கும் சிண்ட்ரே, பனிச்சறுக்குப் போட்டி;
மாவு பிசையும்போது நான், ஏதோ ஒன்று.

நேற்று அவன் துறைக்குப் போயிருந்தபோது
கீழே இறங்கி, கணக்குப் பட்டியலைத் திறந்தேன்.
விருந்தினர் இரண்டு. ஊர்: ஆல்டா.
பெயர் போட மனம் வரவில்லை போலும்.
ஆல்டாவில் எங்களுக்குத் தெரிந்தவள் ஒருத்திதான்,
எனக்கு முன்னால் இந்த அடுப்பில் சமைத்தவள்.

இரவு இரண்டு மணி. பதினொரு நிமிடக் காணொளி.
ஆறு வயது சிண்ட்ரே, முதல் சறுக்குக் கட்டைகள்,
விழுகிறான், எழுகிறான்.
படமெடுப்பவள் சிரிப்பது கேட்கிறது.
முகம் எங்கும் இல்லை.

நான்காம் நிமிடத்தில் நிற்கிறது.
மறுபடி முதலிலிருந்து. மறுபடி நான்கு.
திங்கள், புதன், வியாழன்,
அதே இடம்.

நீக்கு என்ற பொத்தான் விரலுக்கடியிலேயே இருந்தது.
பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது.

சாப்பிடும்போது சொன்னேன்:
“மூன்றாவது வட்டு திக்குகிறது. மாற்று.”
கரண்டி பாதியில் நின்றது.
“உனக்கெப்படித் தெரியும்?”

தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு
கழுவப் போனேன்.